சேர் ஜோசப் விட்வேர்த்: திருகுப்புரிக்குப் பொது அளவு தந்தவர்

அறிமுகம்

கண்டியிலிருந்து செல்லும் புகையிரதப் பாதை மாத்தளையில் முடிவடைகின்றது. இப்பாதை 1880ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அக்காலத்தில் மலைநாட்டில் கோப்பிப் பயிர்ச்செய்கை வீழ்ச்சியடைந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்து வந்தது. தேயிலையுடன் தொழிற்சாலைகளும், தொழிற்சாலைகளுடன் பிரித்தானிய இயந்திரங்களும் வந்தன. வில்லியம் ஜாக்சன் வடிவமைத்து மார்ஷல் நிறுவனத்தார் தயாரித்த கொழுந்து உருட்டும் இயந்திரமும், பெல்பாஸ்ட் நகரில் டேவிட்சன் நிறுவனத்தார் தயாரித்த சிரொக்கோ உலர்த்தியும் இலங்கைத் தேயிலைத் தொழிற்சாலைகளில் பெயர் பெற்றவையாகும்.

இன்று மாத்தளை மாவட்டத்தில் நாம் காணும் முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள், தம்புள்ளை, கலேவெல வயல்களில் ஓடும் இருசக்கர உழவு இயந்திரம் ஆகியவற்றில் உள்ள போல்ட்டுகள் பெரும்பாலும் மில்லிமீற்றரில் அளக்கப்படுபவை. ஆனால் அக்காலப் பிரித்தானிய இயந்திரம் ஒன்று இரத்தோட்டையிலோ எல்கடுவயிலோ எஞ்சியிருந்தால், அதில் உள்ள போல்ட்டுகள் அங்குலத்தில் அளக்கப்படுபவையாகவே இருக்கும்.

இனி ஒரு நிலைமையைச் சிந்தித்துப் பாருங்கள். பழைய இயந்திரம் ஒன்றின் 3/8 அங்குலப் போல்ட்டிலிருந்து நட் கழன்று தொலைந்து விடுகின்றது. பட்டறையில் 10 மில்லிமீற்றர் நட் ஒன்று கிடைக்கின்றது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. நட் புரியில் ஏறவும் செய்கின்றது. ஆனால் இயந்திரம் அதிரத் தொடங்கியதும் அந்த நட் எவ்வேளையும் நழுவிப் போகலாம். சுழலும் இயந்திரத்தின் அருகில் நிற்கும் தொழிலாளியின் கைக்கும் உயிருக்கும் அது ஆபத்தாகும்.

ஒரே பருமனாகத் தோன்றும் இரு போல்ட்டுகள் எவ்வாறு வேறுபடுகின்றன? போல்ட்டுகளுக்கு ஒரு பொது அளவு வேண்டும் என்பதை முதன்முதலில் ஒரு நாடு முழுவதும் ஏற்கச் செய்தவர் யார்? அவரது அளவை விட்டு உலகம் ஏன் மீற்றர் அளவுக்கு மாறியது? இவ்வினாக்களுக்கு விடை காண சேர் ஜோசப் விட்வேர்த் அவர்களின் வாழ்க்கையை அறிந்துகொள்வோம்.

1. இளமைக் காலம்

ஜோசப் விட்வேர்த் 1803ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 21ஆம் திகதி இங்கிலாந்தின் ஸ்டொக்போர்ட் நகரில் பிறந்தார். தந்தையார் சார்ள்ஸ் விட்வேர்த் ஓர் ஆசிரியர். பின்னர் மதபோதகராகப் பணியாற்றியவர். ஜோசப் சிறு வயதிலேயே தாயை இழந்தார். பாடசாலைக் கல்வி 14 வயதளவில் முடிவுற்றது. அதன்பின் டார்பிஷயர் பகுதியில் இருந்த மாமனாரின் பருத்தி ஆலையில் தொழில் பழக அனுப்பப்பட்டார்.

ஆலையை நடத்தும் முதலாளியாக அவர் வருவார் என்று குடும்பத்தார் எதிர்பார்த்தனர். ஆனால் அவரது மனம் வியாபாரத்தில் செல்லவில்லை. ஆலையில் ஓடிய இயந்திரங்களிலேயே சென்றது. அங்கிருந்த ஒவ்வோர் இயந்திரத்தின் இயக்கத்தையும் கற்றுக்கொண்ட அவர், அவை எவ்வளவு செம்மையற்றுச் செய்யப்பட்டிருந்தன என்பதையும் கண்டார். எனவே ஆலையை விட்டு நீங்கி, மன்செஸ்டர் நகருக்குச் சென்று சாதாரண இயந்திரத் தொழிலாளியாக வேலைக்கு அமர்ந்தார்.

2. இலண்டன் பட்டறைகளில் பெற்ற பயிற்சி

1825ஆம் ஆண்டு பிரான்சஸ் அங்கர்ஸ் என்பவரைத் திருமணம் செய்த விட்வேர்த், அதன்பின் இலண்டனுக்குச் சென்றார். அங்கு அக்காலத்தின் தலைசிறந்த இயந்திர வல்லுநரான ஹென்றி மோட்ஸ்லியின் பட்டறையில் வேலை பெற்றார். திருகுப்புரியைச் செம்மையாக வெட்டும் கடைச்சல் இயந்திரத்தை 1800ஆம் ஆண்டளவில் உருவாக்கிப் புகழ் பெற்றவர் மோட்ஸ்லி. தமது பட்டறையில் செய்யப்படும் போல்ட்டுகள் யாவும் ஒரே ஒழுங்கில் அமைய வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

பின்னர் விட்வேர்த், ஜோசப் கிளெமன்ட் என்பவரின் பட்டறையிலும் வேலை செய்தார். சார்ள்ஸ் பாபேஜ் என்னும் கணித அறிஞர் வடிவமைத்த கணிக்கும் இயந்திரத்தின் பாகங்கள் அங்கேதான் செய்யப்பட்டு வந்தன. ஆயிரக்கணக்கான பாகங்கள் ஒன்றோடொன்று பிசகாமல் பொருந்த வேண்டிய வேலை அது. அளவில் நேரும் சிறு பிழையும் முழு இயந்திரத்தையும் நிறுத்திவிடும் என்பதை விட்வேர்த் இங்கு நேரிற் கண்டார்.

1833ஆம் ஆண்டு அவர் மன்செஸ்டருக்குத் திரும்பி, சோர்ல்ட்டன் வீதியில் சொந்தப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். இயந்திரங்களை ஆக்கும் இயந்திரங்களைச் செய்வதே அவரது தொழிலாயிற்று.

3. தட்டையான தளமும் நுண்ணிய அளவீடும்

செம்மையான இயந்திரம் செய்வதற்கு முதலில் முற்றிலும் தட்டையான உலோகத் தளம் ஒன்று வேண்டும். இரண்டு தளங்களை மட்டும் ஒன்றோடொன்று பொருத்திச் சீராக்கினால், ஒன்று சற்றே மேடாகவும் மற்றது அதற்கேற்பச் சற்றே குழிவாகவும் அமைந்து, இரண்டும் நன்கு பொருந்துவதாகத் தோன்றும். எனவே விட்வேர்த் மூன்று தளங்களைப் பயன்படுத்தினார். முதலாவதை இரண்டாவதுடனும், இரண்டாவதை மூன்றாவதுடனும், மூன்றாவதை முதலாவதுடனும் மாறி மாறி வைத்து ஒப்பிட்டார். ஒரு தளத்தில் மெல்லிய வண்ணப்பூச்சைத் தடவி மற்றதன்மீது வைத்தால், மேடான புள்ளிகளில் வண்ணம் ஒட்டும். அப்புள்ளிகளை மட்டும் சுரண்டி எடுத்தார். மூன்று தளங்களும் எந்தச் சோடியாக வைத்தாலும் பொருந்துமாயின், மூன்றும் தட்டையானவையாகவே இருத்தல் வேண்டும். இம்முறையை அவர் 1840இல் கிளாஸ்கோ நகரில் நடந்த அறிஞர் மாநாட்டில் விளக்கினார்.

அடுத்து, அவர் நுண்ணிய அளவீட்டுக் கருவி ஒன்றை அமைத்தார். நீங்கள் ஆய்வுகூடத்தில் பயன்படுத்தும் நுண்மானித் திருகுக் கணிச்சியின் தத்துவமே இதிலும் உள்ளது. அதன் திருகில் ஓர் அங்குலத்துக்கு 20 புரிகள் இருந்தன. எனவே திருகு ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது 1/20 அங்குலம் நகரும். அத்திருகை 200 பற்கள் கொண்ட சில்லு ஒன்று சுழற்றியது. அச்சில்லை ஒரு பல் அளவு நகர்த்தும் பிடிச்சில்லின் விளிம்பு 250 பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஆகவே பிடிச்சில்லின் ஒரு பிரிவு குறிக்கும் தூரம்:

1/20 × 1/200 × 1/250 = 1/1,000,000 அங்குலம்

அதாவது அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டையும் அக்கருவியால் உணர முடிந்தது. இலண்டனில் 1851இல் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் விட்வேர்த்தின் இயந்திரங்கள் பலரது கவனத்தையும் ஈர்த்தன.

4. 1841: பொதுத் திருகுப்புரி

அக்காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கு விருப்பமான புரியை வெட்டியது. ஒரே பருமனுள்ள போல்ட்டில் ஒரு பட்டறை அங்குலத்துக்கு 10 புரி வெட்டினால், இன்னொரு பட்டறை 12 புரி வெட்டும். புரியின் கோணமும் ஆழமும் கூட வேறுபட்டன. ஓர் இயந்திரத்தின் போல்ட் உடைந்தால், அதே பட்டறையிலேயே மாற்றுப் போல்ட்டைச் செய்விக்க வேண்டும். அப்பட்டறை மூடப்பட்டிருந்தால் புதிதாக ஒன்றைக் கையால் வெட்டிப் பொருத்த வேண்டும். புகையிரதப் பாதைகள் பெருகிவந்த அக்காலத்தில் இது பெருந் தடையாக இருந்தது. ஓர் ஊரில் பழுதான இயந்திரம், இன்னோர் ஊரிலிருந்து வரவேண்டிய ஒரு போல்ட்டுக்காகக் காத்து நின்றது.

விட்வேர்த் இச்சிக்கலை அணுகிய விதம் கவனிக்கத்தக்கது. மிகச் சிறந்த புரி இதுதான் என்று தாமே ஒன்றை வரைந்து மற்றவர்கள்மேல் சுமத்த அவர் முயலவில்லை. இங்கிலாந்தின் முக்கிய பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்தார். அவற்றின் புரிகளை அளந்து, சராசரியைக் கண்டார். அச்சராசரியிலிருந்து தமது ஒழுங்கை வகுத்து, 1841இல் இலண்டனில் குடிசார் பொறியியலாளர் நிறுவனத்தின் முன் ஒரு கட்டுரையாகச் சமர்ப்பித்தார்.

அவரது புரியின் முக்கிய இயல்புகள் வருமாறு:

(அ) புரியின் பக்கங்கள் அமைக்கும் கோணம் 55 பாகை.
(ஆ) புரியின் உச்சியும் அடியும் வட்டமாக உருட்டப்பட்டிருக்கும்.
(இ) ஒவ்வொரு விட்டத்துக்கும் அங்குலத்துக்கு எத்தனை புரி என்பது நிலையாக வரையறுக்கப்பட்டிருக்கும்.

உதாரணமாக, 1/4 அங்குலப் போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 20 புரிகள். 3/8 அங்குலத்துக்கு 16. 1/2 அங்குலத்துக்கு 12. 3/4 அங்குலத்துக்கு 10. 1 அங்குலத்துக்கு 8 புரிகள்.

சராசரியிலிருந்து பிறந்த அளவாதலால், எந்தப் பட்டறையும் தனது பழக்கத்தை முற்றாகக் கைவிட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றும் சிறிதளவே விட்டுக்கொடுத்தது. புகையிரதக் கம்பனிகள் இதனை விரைவாக ஏற்றுக்கொண்டன. 1860ஆம் ஆண்டளவில் பிரித்தானியா முழுவதும் இப்புரி பரவியது. பிரித்தானிய இயந்திரங்கள் சென்ற இந்தியா, இலங்கை முதலிய நாடுகளுக்கும் அது உடன் சென்றது. உலகின் முதலாவது தேசிய திருகுப்புரி நியமம் இதுவேயாகும்.

5. ஒரு வெற்றியும் ஒரு தோல்வியும்

பொதுப் புரியின் பயன் கிரிமியப் போர்க் காலத்தில் (1853 – 1856) வெளிப்பட்டது. பிரித்தானியக் கடற்படைக்கு ஏராளமான சிறு பீரங்கிப் படகுகள் அவசரமாகத் தேவைப்பட்டன. அவற்றின் நீராவி எந்திரங்களைச் செய்யும் பொறுப்பு ஜோன் பென் என்னும் பொறியியலாளரிடம் வந்தது. ஒரே பட்டறையால் அக்காலத்துக்குள் அத்தனை எந்திரங்களையும் செய்ய இயலாது. எனவே மாதிரி எந்திரத்தைக் கழற்றி, அதன் பாகங்களை வெவ்வேறு பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். புரிகள் யாவும் விட்வேர்த்தின் அளவில் இருந்தமையால், பல இடங்களில் செய்யப்பட்ட பாகங்கள் ஓரிடத்தில் வந்து பொருந்தின.

அதே காலத்தில் அரசாங்கம் விட்வேர்த்திடம் துப்பாக்கி தொடர்பான ஆய்வை ஒப்படைத்தது. அவர் அறுகோண வடிவத் துளையுள்ள துப்பாக்கி ஒன்றை வடிவமைத்தார். அதன் துளை 0.451 அங்குலம், இராணுவம் பயன்படுத்திய என்ஃபீல்ட் துப்பாக்கியின் துளை 0.577 அங்குலம். 1857இல் நடந்த ஒப்பீட்டுச் சோதனையில் குறி தவறாமையில் விட்வேர்த்தின் துப்பாக்கியே முன்னின்றது. ஆயினும் பிரித்தானிய இராணுவம் அதனைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்கவில்லை. அதன் விலை மிக அதிகம். ஒடுங்கிய துளையில் வெடிமருந்தின் கரி விரைவில் படிந்தது.

இவ்விரு நிகழ்வுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. துப்பாக்கியில் அவர் மிகச் சிறந்ததைத் தேடினார், அது ஏற்கப்படவில்லை. திருகுப்புரியில் எல்லோராலும் ஏற்கக்கூடியதைத் தேடினார். அது நாடெங்கும் நிலைத்தது. நியமம் என்பது திறமையால் மட்டும் உருவாவதன்று. பலரது உடன்பாட்டினால் உருவாவது.

6. கொடையும் இறுதிக் காலமும்

விட்வேர்த் 1857இல் றோயல் சங்கத்தின் அங்கத்தவரானார். இயந்திரப் பொறியியலாளர் நிறுவனத்தின் தலைவராகவும் பணியாற்றினார். 1868இல் இளம் பொறியியல் மாணவர்களுக்காக, ஆண்டுக்கு 100 பவுண் வீதம் 30 புலமைப்பரிசில்களை நிறுவினார். பட்டறையில் வேலை செய்யும் இளைஞனும் அறிவியல் கற்க வேண்டும், அறிவியல் கற்றவனும் கருவியைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கமாகும். இப்புலமைப்பரிசில் இன்றும் வழங்கப்படுகின்றது. 1869இல் அவருக்குப் பரோனற் என்னும் பட்டம் அளிக்கப்பட்டது.

14 வயதில் பாடசாலையை விட்டு ஆலைக்குச் சென்றவர், பெருஞ் செல்வராக 1887ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 22ஆம் திகதி மொன்டே கார்லோவில் காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவரது செல்வத்தின் பெரும்பகுதி மன்செஸ்டர் நகரின் கல்விக்கும் மருத்துவத்துக்கும் கலைக்கும் பயன்பட்டது. அங்குள்ள விட்வேர்த் கலைக்கூடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. மாத்தளைக்குப் புகையிரதம் வந்து ஏழாண்டுகளின் பின்னரே அவர் மறைந்தார் என்பதைக் கவனிக்குக. அவர் வகுத்த புரி அவருக்கு முன்னரே இம்மலைகளை வந்தடைந்துவிட்டது.

7. விட்வேர்த்துக்குப் பின்: மீற்றர் புரியின் தோற்றம்

விட்வேர்த் புரியில் ஒரு குறை இருந்தது. 55 பாகைக் கோணத்தையும் வட்டமான உச்சியையும் செம்மையாக வெட்டுதல் சாதாரண பட்டறைக்குக் கடினம். இதனைக் கருதி அமெரிக்கரான வில்லியம் செலர்ஸ் 1864இல் வேறொரு புரியை முன்மொழிந்தார். அதன் கோணம் 60 பாகை. உச்சியும் அடியும் தட்டையானவை. 60 பாகை என்பது சமபக்க முக்கோணத்தின் கோணமாதலால் அதனை வரைதலும் சரிபார்த்தலும் எளிது.

ஐரோப்பிய நாடுகள் மீற்றர் அளவைப் பின்பற்றின. 1898இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் நடந்த மாநாட்டில், 60 பாகைக் கோணத்துடன் மில்லிமீற்றரில் அளக்கப்படும் புரி ஒன்று ஏற்கப்பட்டது. இவ்வாறு உலகில் மூன்று வகைப் புரிகள் நிலவின.

இதன் விளைவு இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. பிரித்தானியாவின் மெர்லின் விமான எந்திரத்தை அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் தயாரித்தது. பாகங்கள் மாற்றிப் பொருத்தக்கூடியவையாக இருத்தல் வேண்டியமையால், அமெரிக்காவில் வழக்கில் இல்லாத பிரித்தானியப் புரிகளை அந்நிறுவனம் வெட்ட வேண்டியதாயிற்று. போர் முடிந்தபின், 1948இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் 60 பாகைக் கோணமுள்ள பொதுவான அங்குலப் புரி ஒன்றை ஏற்றன.

சர்வதேச நியமங்கள் நிறுவனம் (ஐ.எஸ்.ஓ.) 1947இல் தொடங்கியது. அதன் மீற்றர் புரியே இன்று உலகில் மிகப் பரவலாக உள்ளது. 1965இல் பிரித்தானிய நியம நிறுவனம், புதிய வடிவமைப்புகளில் விட்வேர்த் புரியைத் தவிர்த்து ஐ.எஸ்.ஓ. மீற்றர் புரியை முதலாவதாகத் தெரியுமாறு அறிவித்தது. விட்வேர்த் பிறந்த நாடே உலக உடன்பாட்டுக்காக அவரது அளவை விட்டுக்கொடுத்தது.

இலங்கையில் நியமங்களுக்கான பணியகம் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைக்கப்பட்டது. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அது இலங்கைக் கட்டளைகள் நிறுவனமாயிற்று. மீற்றர் அளவு முறைக்கான மாற்றம் நம் நாட்டில் 1970களில் இடம்பெற்றது.

8. மீற்றர் போல்ட்டின் குறியீட்டை வாசித்தல்

ஒரு போல்ட் எம்10 × 1.5 × 40 எனக் குறிக்கப்பட்டிருந்தால் அதன் பொருள் வருமாறு:

எம் – மீற்றர் புரி.
10 – புரியின் வெளிவிட்டம் 10 மி.மீ.
1.5 – புரியிடைத் தூரம் 1.5 மி.மீ. அதாவது அடுத்தடுத்த இரு புரி உச்சிகளுக்கு இடையிலான தூரம். ஒரு சுற்றில் நட் நகரும் தூரமும் இதுவே.
40 – நீளம் 40 மி.மீ. அறுகோணத் தலையுள்ள போல்ட்டில் தலைக்குக் கீழிருந்தே நீளம் அளக்கப்படும். மேற்பரப்புடன் மட்டமாக அமிழும் தலையுள்ள திருகாணியில் தலையும் நீளத்துடன் சேர்க்கப்படும்.

எம்10 என்று மட்டும் குறித்திருந்தால், அது வழக்கமான பெரும்புரி எனக் கொள்ளப்படும். எம்10 × 1.25 எனக் குறித்திருந்தால் அது நுண்புரியாகும். பெரும்புரி நட் நுண்புரிப் போல்ட்டுக்குப் பொருந்தாது.

வழக்கமான பெரும்புரி அளவுகள்:

எம்6 – புரியிடைத் தூரம் 1.0, ஸ்பனர் 10
எம்8 – புரியிடைத் தூரம் 1.25, ஸ்பனர் 13
எம்10 – புரியிடைத் தூரம் 1.5, ஸ்பனர் 16 அல்லது 17
எம்12 – புரியிடைத் தூரம் 1.75, ஸ்பனர் 18 அல்லது 19
எம்16 – புரியிடைத் தூரம் 2.0, ஸ்பனர் 24
எம்20 – புரியிடைத் தூரம் 2.5, ஸ்பனர் 30
(அளவுகள் யாவும் மில்லிமீற்றரில்)

உட்புரி வெட்டுவதற்கு முன் இடவேண்டிய துளையின் விட்டத்தை எளிதாகக் காணலாம். வெளிவிட்டத்திலிருந்து புரியிடைத் தூரத்தைக் கழிக்குக. எம்10 பெரும்புரிக்கு 10 – 1.5 = 8.5 மி.மீ. ஆகும்.

மீற்றர் ஸ்பனரில் உள்ள எண், அது பிடிக்கும் தலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான தூரத்தைக் குறிக்கும். போல்ட்டின் விட்டத்தைக் குறிக்காது. மாறாக, பழைய விட்வேர்த் ஸ்பனரில் போல்ட்டின் விட்டமே பொறிக்கப்பட்டிருக்கும். 3/8 எனப் பொறிக்கப்பட்ட விட்வேர்த் ஸ்பனரின் வாய் 3/8 அங்குலமன்று. ஏறத்தாழ 18 மி.மீ. ஆகும். மாணவர் பலர் இதில் பிழை விடுவதுண்டு.

வலிமை வகுப்பு: உருக்குப் போல்ட்டின் தலையில் 4.6, 8.8, 10.9 போன்ற எண்கள் காணப்படும். முதல் எண்ணை 100ஆற் பெருக்கினால் போல்ட் அறும் இழுவைத் தகைப்பு, சதுர மில்லிமீற்றருக்கு நியூற்றனில் கிடைக்கும். இரண்டாவது எண், அத்தகைப்பின் எத்தனை பத்திலொரு பங்கில் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பதைக் காட்டும். எனவே 8.8 வகுப்புப் போல்ட் 800இல் அறும்; 800 × 0.8 = 640இல் நிரந்தரமாக நீளத் தொடங்கும். உடைந்த 8.8 போல்ட்டுக்குப் பதிலாக 4.6 போல்ட்டை இடுதல் தவறு. பருமன் ஒன்றே, வலிமை பாதியே.

9. அறிமுகத்தில் கண்ட நிலைமைக்கு விடை

3/8 அங்குல விட்வேர்த் போல்ட்டையும் எம்10 நட்டையும் இப்போது ஒப்பிடுவோம்.

வெளிவிட்டம்: 3/8 × 25.4 = 9.525 மி.மீ.; மற்றது 10 மி.மீ.
புரியிடைத் தூரம்: 25.4 ÷ 16 = 1.5875 மி.மீ.; மற்றது 1.5 மி.மீ.
கோணம்: 55 பாகை, மற்றது 60 பாகை.

போல்ட் சற்று மெல்லியதாகையால் நட் எளிதாக ஏறும். ஆனால் புரிகள் ஒன்றையொன்று முழுமையாகத் தொடுவதில்லை. புரியிடைத் தூரம் வேறுபடுவதால் ஒரு சில புரிகளே முழுச் சுமையையும் தாங்கும். இறுக்கும்போதோ அதிர்வின்போதோ அப்புரிகள் சிதைந்து நட் நழுவும். ஆகவே ஒரு நட்டை மாற்றும் முன் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: விட்டத்தை வேணியர் இடுக்கிமானியால் அளத்தல், புரியிடைத் தூரத்தைப் புரிக் கணிச்சியால் ஒப்பிடுதல், தலையில் உள்ள வலிமை எண்ணை வாசித்தல். நல்ல நட் விரலாலேயே முழு ஆழத்துக்கும் தளர்வின்றிச் சுழன்று ஏறும். இடையில் இறுகினாலும், அளவுக்கு மீறி ஆடினாலும் அது அந்தப் போல்ட்டுக்கு உரியதன்று. அதனை ஸ்பனரால் வலிந்து ஏற்றலாகாது.

நினைவிற் கொள்க

1803 – விட்வேர்த் பிறப்பு
1833 – மன்செஸ்டரில் சொந்தப் பட்டறை
1841 – பொதுத் திருகுப்புரிக் கட்டுரை
1864 – செலர்ஸின் 60 பாகைப் புரி
1868 – விட்வேர்த் புலமைப்பரிசில்
1887 – விட்வேர்த் மறைவு
1898 – சூரிச் மாநாடு
1947 – ஐ.எஸ்.ஓ. தொடக்கம்
1965 – பிரித்தானியா மீற்றர் புரியை முதலாவதாகத் தெரிதல்

மாதிரி வினாக்கள்

1. விட்வேர்த் புரிக்கும் ஐ.எஸ்.ஓ. மீற்றர் புரிக்கும் இடையிலான வேறுபாடுகள் மூன்று தருக.
2. எம்12 × 1.75 × 50 என்னும் குறியீட்டை விளக்குக. இப்புரிக்கான உட்புரியை வெட்ட இடவேண்டிய துளையின் விட்டம் யாது?
3. எம்10 போல்ட்டின் சுமை தாங்கும் குறுக்குப் பரப்பு 58 சதுர மில்லிமீற்றர் எனின், 8.8 வகுப்புப் போல்ட் அறுவதற்குத் தேவையான இழுவிசையைக் காண்க.
4. தட்டையான தளம் ஆக்குவதற்கு இரண்டு தளங்கள் போதாமைக்குக் காரணம் கூறுக.
5. விட்வேர்த் தமது புரியைப் பல பட்டறைகளின் சராசரியிலிருந்து வகுத்தமை அதன் வெற்றிக்கு எவ்வாறு உதவியது? உமது கருத்தை விளக்குக.

விடைக் குறிப்புகள்

1. கோணம் 55 பாகை – 60 பாகை. உச்சியும் அடியும் வட்டமானவை – உச்சி தட்டையானது. அங்குலத்துக்குப் புரிகளின் எண்ணிக்கை – மில்லிமீற்றரில் புரியிடைத் தூரம்.
2. வெளிவிட்டம் 12 மி.மீ., புரியிடைத் தூரம் 1.75 மி.மீ., நீளம் 50 மி.மீ. கொண்ட மீற்றர் போல்ட். துளை 12 – 1.75 = 10.25 மி.மீ.; நடைமுறையில் 10.2 மி.மீ. துளை இடப்படும்.
3. 800 × 58 = 46,400 நியூற்றன்.
4. ஒன்று மேடாகவும் மற்றது குழிவாகவும் இருந்தாலும் இரண்டும் பொருந்தும். மூன்றாவது தளத்துடன் ஒப்பிடும்போதே அப்பிழை வெளிப்படும்.
5. விடையில் இடம்பெற வேண்டியவை: எந்தப் பட்டறையும் பெருமளவு மாற வேண்டியிருக்கவில்லை; புகையிரதக் கம்பனிகளின் ஏற்பு; துப்பாக்கி வடிவமைப்புடன் ஒப்பீடு; நியமத்துக்குப் பலரது உடன்பாடு இன்றியமையாதது என்னும் முடிவு.